யாராவது ஒரு பையன்

எங்கள் பேட்டையில் ஒரு சங்கீத சபா இருக்கிறது. பெரிய சபா என்று சொல்ல முடியாது. ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, மார்கழியில் பதினோரு நாள் கச்சேரி நடத்துகிற சபா. சென்ற வருஷம் ஐப்பசியில் அதன் காரியதரிசி ஒரு நாள் காலை என் வீட்டுக்கு வந்தார். கதை எழுதுகிறவன் என்றால் நோட்டீஸுக்கு நாலு வரி நன்றாக எழுதிக் கொடுப்பான், காசும் கேட்க மாட்டான் என்பது அவருடைய நம்பிக்கை. அது வீண்போன நம்பிக்கையும் அல்ல.

கச்சேரிப் பட்டியலை மேஜைமேல் விரித்து வைத்தார். பாட்டு இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார் என்று வரிசையாக எழுதியிருந்தது. பிடில் என்ற சொல்லுக்கு நேரே மட்டும் ஐந்து நாட்களுக்கு ஒன்றுமே எழுதவில்லை.

"பிடிலுக்கு யார்?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன ஸார், யாராவது ஒரு பையனைப் போட்டுக்கலாம்" என்றார்.

இதைச் சொன்னவர் கொடியவர் அல்ல. பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மூட்டு வலியோடு மாடிப்படி ஏறி நன்கொடை கேட்கிறவர். போதாததற்குத் தம் கைப்பணத்தையும் போடுகிறவர். பந்தல் கட்ட யாராவது ஒரு ஆள், நாற்காலி போட யாராவது ஒரு ஆள் என்று சொல்வதுபோலவே இதையும் சொன்னார். அவர் மனத்தில் கல்மிஷம் இல்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது. கெட்ட எண்ணத்தோடு சொன்ன சொல்லை மறந்துவிடலாம். நல்லவர்கள் யோசிக்காமல் சொல்லும் சொல்லில்தான் நம்முடைய வழக்கம் முழுவதும் வெளியே வந்துவிடுகிறது.

உறைத்ததே தவிர, நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலு வரி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

நான் சங்கீத விமரிசகன் அல்ல. ராகத்தின் பெயரை இரண்டாவது நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரரைப் பெருமையோடு திரும்பிப் பார்க்கிற சாதாரண ரசிகன். ஆனால் அந்த 'யாராவது ஒரு பையன்' எப்படித் தயாராகிறான் என்பதை அறிய எனக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு பையன் பதினாலு வருஷமாகப் பிடில் வாசிக்கிறான். அவனுடைய தாயாருக்கு அடுத்தபடியாக அவன் வாசிப்பை அதிகம் கேட்டவன் நான்தான்.

ஆறு வயசில் ஆரம்பித்தான். குழந்தைகளுக்கென்று செய்த சிறிய அளவுப் பிடில். முதல் ஒரு வருஷம் அதிலிருந்து வந்தது சங்கீதம் அல்ல; எண்ணெய் காணாத கிணற்று ராட்டினத்தின் சத்தம். நான் அப்போது ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். கதாநாயகி எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாளே, காரணம் என்ன என்று வாசகர்கள் கடிதம் போட்டார்கள். காரணம் சுவருக்கு அப்பால் இருந்தது.

வாய்ப்பாட்டுக் கற்கிற குழந்தைக்குக் குரல் என்ற ஒன்று பிறவியிலேயே கிடைத்துவிடுகிறது. வீணை கற்கிற குழந்தைக்கு மெட்டு இருக்கிறது. விரல் போய் நிற்க ஓர் இடமாவது உண்டு. பிடிலில் அதுவும் இல்லை. வழவழவென்று ஒரு கறுப்புப் பலகை. அதன்மேல் நாலு தந்தி. காந்தாரம் எங்கே இருக்கிறது என்று அந்தப் பலகை சொல்லாது. ஒரு நூல் மேலே போனாலும் அபஸ்வரம், ஒரு நூல் கீழே வந்தாலும் அபஸ்வரம். சங்கராபரணத்தின் காந்தாரம் நிற்கிற இடம் வேறு, தோடியின் காந்தாரம் அசைகிற அசைவு வேறு. இதை முதலில் காது கற்க வேண்டும். காது கற்றதை விரல் கற்க வேண்டும். விரல் கற்றதை வில் பிடித்த கை கெடுக்காமல் இருக்க வேண்டும். இடக்கை விரல் நுனிகளில் தந்தி அழுத்திக் கோடு விழுந்து, அது காய்த்துப் போய், அதற்கப்புறம்தான் வலி மறக்கும். வலக்கை நடுங்காமல், ஒரே அழுத்தமாக, வில்லை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுக்கப் பழகுவதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிடும்.

ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று பாட்டுக்காரருக்கு உள்ள அதே படிகள்தான் இவனுக்கும். ஆனால் இவன் அதோடு நிற்க முடியாது. பிடில் வாசிக்கிறவன் பாடவும் கற்க வேண்டும். கீர்த்தனையின் வார்த்தை தெரியாவிட்டால் வில்லை எந்த இடத்தில் திருப்புவது? தப்பான இடத்தில் திருப்பினால் ஒரு பதம் இரண்டு துண்டாகிவிடும். ஆகவே தெலுங்கிலும் ஸம்ஸ்கிருதத்திலும் தமிழிலும் நூற்றுக்கணக்கான சாகித்தியங்களை மனப்பாடம் செய்து, வாய்க்குள் பாடிக்கொண்டே கையால் வாசிக்கிறான். சுவருக்கு அப்பால் அவன் பாடுவதையும் கேட்டிருக்கிறேன். சுமாரான குரல். அதைப்பற்றி அவனுக்கு வெட்கமும் உண்டு.

காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன் ஒன்றரை மணி. மாலையில் இரண்டு மணி. வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறி வாத்தியார் வீட்டுக்குப் போய்வர வேண்டும். தெருப் பையன்கள் கிரிக்கெட் ஆடும்போது, பந்து பட்டு விரல் போய்விடும் என்று பயந்து, இவன் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து ரன் கணக்கு எழுதிக்கொண்டிருப்பான். ஒரு நாள் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பண்டிகை, பரீட்சை, காய்ச்சல் எல்லாம் கழித்து, பதினாலு வருஷத்தில் சுமார் 15,000 மணி நேரம் ஆகியிருந்தது. இத்தனை நேரத்தை வேறு எந்தப் படிப்பில் செலவழித்திருந்தாலும் இன்று அவனை ஒருவரும் 'யாராவது ஒருவன்' என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த வாத்தியம் நம் சங்கீதத்துக்குள் வந்து ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகிறது. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் மணலியில் ஓர் ஐரோப்பியரிடம் கற்று இதை நமக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவின் வாசிப்பை மெச்சி, ஸ்வாதித் திருநாள் மகாராஜா 1834-ல் தந்தத்தினால் செய்த பிடிலையே அவருக்குப் பரிசளித்தார். வெள்ளைக்காரன் தோளில் சாய்த்து வைத்து வாசித்ததை நாம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன் தலையை வலது கணுக்காலின்மேல் ஊன்றி வாசித்தோம். வாத்தியத்தைத் தாங்கிப் பிடிக்கிற வேலை இடக்கைக்கு இல்லாமல் போயிற்று. கை தந்திமேல் தாராளமாகச் சறுக்கிக் கமகம் பேசத் தொடங்கியது. தந்திகளையும் ஸ-ப-ஸ-ப என்று நமக்கேற்றபடி சுருதி கூட்டிக்கொண்டோம். அந்நிய வாத்தியம் சொந்த வாத்தியமாகிவிட்டது.

இன்று கடம் இல்லாமல் கச்சேரி நடக்கிறது. கஞ்சிரா இல்லாமல் நடக்கிறது. தம்பூராவுக்குப் பதில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டும் நடக்கிறது. பிடில் இல்லாமல் எத்தனை பாட்டுக் கச்சேரி கேட்டிருக்கிறீர்கள்? அபூர்வமாக எங்கேயாவது ஒன்று நடந்தால், அதைப் புதுமை என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். இல்லாமல் முடியாது என்று இருக்கிறவனுக்கு, யாராக இருந்தாலும் சரி என்று பெயர்! இந்த விசித்திரம் வேறு எந்தத் தொழிலில் உண்டு?

மேடையில் அவனிடம் நாம் கேட்பதையும் பாருங்கள். மேல்நாட்டில் வாத்தியக் கோஷ்டியில் உட்காருகிற பிடில்காரருக்கு முன்னால் ஸ்வரங்கள் எழுதிய காகிதம் இருக்கிறது. கச்சேரிக்கு முன்னால் ஒத்திகை நடக்கிறது. நம் பையனுக்குப் பெரும்பாலும் காகிதமும் இல்லை, ஒத்திகையும் இல்லை. பாடுகிறவர் வாயைத் திறந்த பிறகுதான் என்ன பாட்டு என்று தெரியும். காலையில் ஐந்து கட்டையில் பாடும் ஒரு பெண்ணுக்கு வாசிப்பான். சாயங்காலம் ஒரு கட்டையில் பாடும் ஒரு ஆணுக்கு வாசிப்பான். அதற்குள் தந்தியை இறக்க வேண்டும், சில சமயம் தந்தியையே மாற்ற வேண்டும்.

பாட்டுக்காரர் ராகம் பாடும்போது அவர் விட்ட பிடியை நிழல்போல் தொடர வேண்டும். முந்தவும் கூடாது, ரொம்பப் பிந்தவும் கூடாது. பிறகு தன் முறை வரும்போது அதே ராகத்தைச் சொந்தமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அவரைவிட நீளமாகச் சொல்லக் கூடாது. அவரைவிட நன்றாகச் சொல்லிவிட்டாலோ, அடுத்த கச்சேரிக்கு ஆபத்து. நிரவலிலும் கல்பனை ஸ்வரத்திலும் அவர் எந்தக் கணக்கைப் போட்டாலும் உடனே பதில் வர வேண்டும். அவர் தாளம் தப்பித் தடுமாறினால், சபைக்குத் தெரியாமல் வில்லினால் தாங்கிக் கரை சேர்க்க வேண்டும். தப்பு யாருடையதானாலும் அசடு வழிய வேண்டிய முகம் பையனுடைய முகம்.

பாட்டுக்காரர் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. லால்குடி ஜெயராமன் பன்னிரண்டு வயசில் பக்கவாத்தியம் வாசிக்க மேடை ஏறினார். பிற்பாடு அரியக்குடி, செம்மங்குடி, ஜி. என். பி. போன்ற பெரியவர்களுக்கெல்லாம் வாசித்தார். அவர்கள் பக்கத்தில் இடம் கிடைத்தது. காது கொடுத்துக் கேட்டார்கள். கேட்கக் கேட்க அவர் வளர்ந்தார். இன்றும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். முதல் நாளே டெலிபோனில் கூப்பிட்டு, "நாளைக்கு இந்த ராகந்தான் விஸ்தாரம், இந்தப் பல்லவிதான், பார்த்து வைத்துக்கொள்" என்று சொல்லிவிடுகிற பாடகர்களை எனக்குத் தெரியும். ஆனால் பையனை மேடையில் வைத்து மடக்குவதற்கென்றே ஒரு கஷ்டமான கணக்கை மடியில் முடிந்துகொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். பையன் திணறும்போது முன்வரிசையில் ஒரு சிரிப்பு எழுகிறது. ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவர் பாராமல் வந்தவனை ஜயிப்பது என்ன ஜயமோ!

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

சென்ற மார்கழியில் ஒரு நாள், வேறொரு சபாவில், பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரி. அடுத்த வீட்டுப் பையன் பிடில். நானும் போயிருந்தேன். அவனுக்காகத்தான் போனேன். பாடகர் காம்போதியை இருபது நிமிஷம் பாடினார், நன்றாகவே பாடினார். கைதட்டல் ஓய்ந்தது. பையன் வில்லை எடுத்தான். அந்தச் சமயத்தில் என் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.

ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. பசி இல்லை. அவசர வேலை இல்லை. பிடில் முறை வந்தால் எழுந்து கான்டீனுக்குப் போவது என்று இருபது வருஷமாகக் கால்களுக்குப் பழகியிருக்கிறது, கால்கள் போயின.

கான்டீனில் ஒரு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். காபி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கும்போது அதிலிருந்து காம்போதி வந்தது. மேல் ஸ்தாயியில் நின்று, இறங்கப் போகிறதுபோல் தயங்கி, இறங்காமல் இன்னொரு முறை தொட்டுவிட்டு வந்தது ஒரு பிடி. பதினாலு வருஷமாகச் சுவர் வழியே கேட்கிறேன். அதை அதற்கு முன் கேட்டதில்லை. அந்த நிமிஷத்தில் அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்தவர் தலையை ஆட்டி, "பேஷ்! பிடில் யாரு?" என்று கேட்டார். அவருடைய நண்பர் சட்னியைத் தொட்டுக்கொண்டே, "யாரோ ஒரு பையன்" என்றார். எனக்கு அவன் பெயர் தெரியும். சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. காபியை வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். நான் போவதற்குள் அவன் முடித்துவிட்டான். பாதி நாற்காலி காலி. இருந்தவர்கள் தட்டினார்கள்.

அன்று இரவு வாசலில் அவனைப் பார்த்தேன். "காபி நல்லா இருந்துதா, மாமா?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போவது எங்கள் பாத்தியதை என்று அவனுக்கும் பழகிப் போயிருக்கிறது.

அவனுக்குக் கொடுத்த உறையில் 800 ரூபாய் இருந்தது. ஆட்டோவுக்குப் போக வர 460 ஆயிற்று. எவ்வளவு தருவார்கள் என்று முன்னால் அவனுக்குத் தெரியாது. கேட்பதும் மரியாதை இல்லையாம். பிடிலுக்கு ஒரு செட் நல்ல தந்தி போட வேண்டுமென்றால் இப்படிப்பட்ட உறைகள் இரண்டு மூன்றாவது வேண்டும்.

இதையெல்லாம் சொன்னால் பதில் தயாராக இருக்கிறது. "பக்கவாத்தியம் என்றால் பக்கத்தில்தானே இருக்க வேண்டும்? பிடில்காரன் தலையெடுத்தால் பாட்டுக் கெட்டுப் போகும்" என்பார்கள். பாட்டுக்கு முதலிடம் என்பதை நான் மறுக்கவில்லை. அடங்கி வாசிப்பது பெரிய வித்தை. ஆனால் அவனாக அடங்குவது வேறு. நாமாக அவனை அடக்குவது வேறு. சொல்வதற்கு விஷயம் உள்ளவன் சுருக்கமாகச் சொன்னால் அழகு. "உன் முறை வேண்டாம், நேரமாகிவிட்டது" என்று பாடகர் ஜாடை காட்டி அவன் வாயை மூடுவதில் என்ன அழகு இருக்கிறது? அந்த நேரம் எங்கே போயிற்று என்று கேட்டால், கான்டீன் விளம்பரத்தையும் நன்றியுரையையும் காட்டலாம்.

"இளவயசு. அனுபவம்தானே முக்கியம்? அதுவே சம்பாவனை" என்கிறார்கள். மைக்செட்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மண்டபத்துச் சொந்தக்காரரிடம், இத்தனை பெரிய வித்வான்கள் உங்கள் கூரையின்கீழ் பாடுகிறார்களே, இந்த அனுபவத்தையே வாடகையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கெல்லாம் முன்பணம் போய்விடுகிறது. அனுபவத்தைச் சம்பளமாக வாங்கிக்கொள்ளச் சங்கீதக்காரனுக்கு மட்டும் விதித்திருக்கிறது. அதிலும் ஓரத்தில் உட்காருகிறவனுக்கு.

"திறமை இருந்தால் தானே முன்னுக்கு வருவான்" என்பது மூன்றாவது பதில். திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை, துவாரம், சௌடையா, லால்குடி, எம். எஸ். கோபாலகிருஷ்ணன், டி. என். கிருஷ்ணன் என்று விரல் விடுவார்கள். பெரிய பெயர்கள்தான். ஆனால் கரை சேர்ந்தவர்களைக் காட்டி, ஆற்றில் சுழலே இல்லை என்று சொல்வது நியாயமா? அவர்களும் நாம் கொடுத்த சௌகரியத்தில் வளரவில்லை. மைக் இல்லாத நாளில் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்பதற்காக மைசூர் சௌடையா நாலு தந்தியை ஏழு தந்தியாக்கினார். பிடில் பக்கத்துக்கு மட்டுமல்ல, நடுவில் உட்காரவும் தகுந்தது என்று காட்டுவதற்கு துவாரம் வேங்கடசாமி நாயுடு 1938-ல் வேலூரில் தனிக் கச்சேரி செய்தார். இன்று மைக் இருக்கிறது. கான்டீன் வரையில் கேட்கிறது. கேட்க வேண்டியவர்கள் கான்டீனில் இருப்பதுதான் குறை.

பையன், பையன் என்று எழுதிக்கொண்டு வருகிறேன். பெண்களின் கதை இன்னும் ஒரு படி கீழே. பெண் பிடில் வாசித்தால் நான் பாட மாட்டேன் என்று சொன்ன ஆண் வித்வான்கள் இருந்தார்கள். துவாரம் சங்கீத வித்வத் சபையின் மாநாட்டுக்குத் தலைமை வகித்தது 1941-ல். சங்கீத கலாநிதிப் பட்டம் ஒரு பெண் பிடில் கலைஞரைத் தேடி வந்தது 2016-ல், ஏ. கன்யாகுமரிக்கு. நடுவில் 75 வருஷம். அத்தனை வருஷமும் பிடில் வாசித்த பெண்களுக்குத் திறமை இல்லாமலா இருந்தது?

"அப்படியானால் தனிக் கச்சேரி செய்யட்டுமே" என்று காரியதரிசி சொல்லக் கூடும். எந்த மேடையில்? மாலை ஆறு மணிக் கச்சேரிகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பாட்டு, பாட்டு, பாட்டு. நடுவே எங்கேயாவது ஒரு நாள், அதுவும் ஏற்கெனவே பெயர் பெற்ற ஒருவருடைய தனிப் பிடில். கேட்டால் கூட்டம் வராது என்கிறார்கள். கேட்டுப் பழகாததால் கூட்டம் வருவதில்லை; கூட்டம் வராததால் மேடை கொடுப்பதில்லை; மேடை கொடுக்காததால் கேட்டுப் பழகுவதில்லை. செக்குமாடு சுற்றுகிறது. யாராவது ஒருவர் நுகத்தடியைக் கழற்றினால்தான் நிற்கும்.

முன்னாளில் வேறு ஆதரவுகளாவது இருந்தன. சமஸ்தானங்கள் இருந்தன. துவாரம் 1919-ல் விஜயநகரம் மகாராஜா சங்கீதக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து, 1936-ல் அதன் தலைவரானார். மாசம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற தைரியத்தில் சாதகம் நடந்தது. ரேடியோ நிலையங்கள் வாத்தியக்காரர்களை மாசச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டன. சினிமா வாத்தியக் கோஷ்டிகளில் வரிசை வரிசையாகப் பிடில்காரர்கள் உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. அந்த வரிசையில் பெரும்பகுதியை இன்று கம்ப்யூட்டர் விழுங்கிவிட்டது.

அதே கம்ப்யூட்டர்தான் இப்போது எங்கள் பையனுக்குச் சோறு போடுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு அதன் முன்னால் உட்கார்ந்து, அமெரிக்காவில் இருக்கும் மூன்று குழந்தைகளுக்கு ஸரளி வரிசை சொல்லிக் கொடுக்கிறான். மாசத்துக்கு அவனுக்குக் கிடைப்பதில் பாதிகூடக் கச்சேரியில் வருவதில்லை. பாடம் சொல்லிக் கொடுப்பதில் இழிவு ஒன்றும் இல்லை. கடல் கடந்து போன குழந்தைகள் ஸரளி வரிசை கற்பது சந்தோஷமான விஷயமே. ஆனால் விடியற்காலை ஐந்து மணி அவன் சாதகம் செய்த நேரம். இப்போது சுவருக்கு அப்பாலிருந்து ஸரிகம பதநிஸ கேட்கிறது. காம்போதி கேட்பதில்லை.

அவன் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். பெங்களூரில் ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்திருக்கிறது. சென்ற வாரம் அவன் தகப்பனார் என்னிடம் யோசனை கேட்க வந்தார். "சனி, ஞாயிறு வாசிக்கலாம் இல்லையா, ஸார்?" என்றார். அவர் கேட்டது யோசனை அல்ல, ஆறுதல். வாசிக்கலாம் என்றேன். சனி, ஞாயிறு வாசித்து அந்த மேல் ஸ்தாயிப் பிடியை மறுபடியும் பிடிக்க முடியுமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வயிற்றைக் காயப்போட்டுக் கலையை வளர்த்துக்கொள் என்று இன்னொருவர் பிள்ளைக்கு உபதேசம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நான் கான்டீனுக்குப் போனவன்.

ஆகவே உபதேசம் செய்ய வரவில்லை. சில சில்லறை விஷயங்களைக் கேட்கிறேன். அரசாங்கம் வேண்டாம், கமிஷன் வேண்டாம், மாநாடு வேண்டாம்.

பிடில் வாசிக்கிறவருடைய பெயரைப் பாடுகிறவர் பெயரோடு கூடவே, அதே நாளில் நிச்சயம் செய்யுங்கள். நோட்டீஸில் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடுங்கள். சம்பாவனை இவ்வளவு என்று முன்னாலேயே சொல்லுங்கள். உறைக்குள் வைத்துக் கொடுப்பதால் 800 ரூபாய் கௌரவமாகிவிடாது. வண்டிச் சத்தத்தை அதில் சேர்க்காதீர்கள். வித்வான்களே, முக்கியமான ராகம், பல்லவி இரண்டையும் முதல் நாள் சொல்லிவிடுங்கள். உங்கள் வித்தை குறையாது, கச்சேரி உயரும். பதினோரு நாள் கச்சேரி நடத்தினால், ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு முப்பது வயசுக்குக் கீழ்ப்பட்ட ஒருவருடைய தனிப் பிடிலை வையுங்கள். ஒரு வருஷம் கூட்டம் வராது, இரண்டு வருஷம் வராது. மூன்றாவது வருஷமும் வராவிட்டால் என்னிடம் சொல்லுங்கள்; நோட்டீஸை இன்னும் நன்றாக எழுதித் தருகிறேன்.

ரசிகர்களே, நம்மிடம் கேட்பது எல்லாவற்றிலும் சுலபமானது. பாடகர் ராகத்தை முடித்துப் பையன் வில்லை எடுக்கும்போது உட்கார்ந்திருங்கள். பத்து நிமிஷம். காபி ஆறாது, அடுப்பின்மேல்தான் இருக்கிறது.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் பையனைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவனைப்பற்றி எழுதுவதால் அவன் சம்மதம் வேண்டும் அல்லவா? தலையைக் குனிந்தபடியே முழுவதும் கேட்டான். முதலில் நான் அவன் பெயரைப் போட்டிருந்தேன். கான்டீனில் சொல்லாமல் விட்டதற்கு அது பரிகாரமாக இருக்கட்டும் என்பது என் எண்ணம்.

"எல்லாம் சரிதான், மாமா. பேரை மட்டும் எடுத்துடுங்க" என்றான்.

"ஏன்?"

"பேர் போட்டா அடுத்த மார்கழிக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க."

எடுத்துவிட்டேன். ஆகவே அவனுக்காக எழுதிய இந்தக் கட்டுரையிலும் அவன் யாரோ ஒரு பையனாகவே இருக்கிறான். வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஆனால் பெங்களூருக்குப் போவதாக இருக்கிறவன், அடுத்த மார்கழியைப்பற்றி இன்னும் கவலைப்படுகிறான் என்பதைக் கவனியுங்கள்.

காரியதரிசி அவர்களே, இன்னும் சில மாசத்தில் புதிய பட்டியலோடு என் வீட்டுப் படி ஏறுவீர்கள். இந்தத் தடவை பிடில் என்ற சொல்லுக்கு நேரே பதினோரு பெயரும் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு பெயர் குறைந்தாலும் நான் நாலு வரி எழுதித் தரப் போவதில்லை.